பார்ப்பதும் பார்த்துக்கொள்வதும்

கடற்கரையிலிருந்து வரும் மின்ரயில் தாம்பரத்துக்கு முன்னால் கடைசியாக நிற்கும் இடத்தின் பெயர் சானடோரியம். அங்கே ஏறி இறங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது மெப்ஸ் கம்பெனிகளுக்குப் போகும் வழி, அல்லது தேசிய சித்த மருத்துவமனைக்குப் போகும் வழி. அந்தப் பெயருக்குள் ஒரு காலத்து வைத்திய முறையே அடங்கியிருப்பது மறந்துபோய்விட்டது. 1928இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காக இங்கே நிலையம் தொடங்கியபோது அந்நோய்க்கு மருந்து கிடையாது. அதற்கு முன் இங்கிலாந்தின் மென்டிப் மலைப்பகுதியில் அவர் நடத்திய நிலையத்தில்தான் கணிதமேதை ராமானுஜன் சிலகாலம் தங்கிச் சிகிச்சை பெற்றார். காற்று, வெளிச்சம், ஓய்வு, சத்தான சாப்பாடு, கூப்பிட்டால் வரும் தூரத்தில் ஒரு செவிலியர்: சௌரிமுத்துவின் கையிருப்பு அவ்வளவுதான். 1937இல் அரசு நிலையத்தை எடுத்துக்கொண்ட பின்னும், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகள் புழக்கத்துக்கு வரும்வரை அதுவே நிலைமை. பிறகு 1993 முதல், மற்ற இடங்களில் கதவடைக்கப்பட்ட எச்.ஐ.வி. தொற்றாளர்கள் இதே வளாகத்துக்கு வந்தார்கள். 2004 ஏப்ரலில் இலவச ஏ.ஆர்.டி. மருந்து கொடுக்கத் தொடங்கிய அரசு மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் வந்தவர்களில் பலருக்கு இங்கே கொடுக்க முடிந்தது படுக்கையும் பராமரிப்பும்தான். குணப்படுத்த முடியாதவரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்ற பாடத்தைத் தாம்பரம் இரண்டு தடவை படித்தது. இரண்டு தடவையும் மருந்து வந்தது, பாடம் மறந்தது. இப்போது அந்த வளாகத்தைச் சுற்றியுள்ள வீடுகளுக்குள் மூன்றாம் தடவையாக அந்தப் பாடம் தேவைப்படுகிறது. முதுமையின் கடைசிக் கட்டத்துக்கு எந்த மருந்தும் வந்து நம்மைக் காப்பாற்றப்போவதில்லை.

1931இல் மின்ரயில் தாம்பரம்வரை ஓடத் தொடங்கியது. அந்தத் தண்டவாளத்தை நம்பித்தான் குரோம்பேட்டையும் சிட்லபாக்கமும் சேலையூரும் பெருங்களத்தூரும் பின்னாளில் பெருகின. அரசு அலுவலகங்களிலும் வங்கிகளிலும் ரயில்வேயிலும் வேலை பார்த்தவர்கள் பி.எஃப். பணத்தில் மனை வாங்கி, கடன் போட்டு வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். படித்த பிள்ளைகள் பழைய மகாபலிபுரம் சாலைக்கும் பெங்களூருக்கும் அதற்கப்பாலும் போனார்கள். தனி வீடுகள் பல இடிபட்டு மூன்று மாடி அடுக்ககங்களாயின. அவற்றில் எத்தனையோ கட்டடங்களுக்கு லிஃப்ட் கிடையாது. மாடியேற முடிந்த வயதில் வாங்கிய வீடு, இறங்க முடியாத வயதில் சிறையாகிறது. தேசிய மக்கள்தொகைக் கணிப்பின்படி 2021இல் தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 13.6 விழுக்காடு, கேரளத்துக்கு அடுத்த இடம். 2031இல் இது 18.2 ஆகும் என்கிறது அதே கணிப்பு. ‘படுக்கையில் விழாமல் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்’ என்று இந்த வீடுகளில் உள்ளவர்கள் வேண்டிக்கொள்வது வழக்கம். அந்த வேண்டுதல் எல்லோருக்கும் பலிப்பதில்லை. பக்கவாதம், இதயத் தளர்ச்சி, மறதிநோய், இடுப்பெலும்பு முறிவு என்று ஏதோ ஒன்று பலரைப் படுக்கவைத்து, மாதக்கணக்கில் வைத்திருந்துதான் அனுப்புகிறது.

தமிழில் இரண்டு வினைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. டாக்டர் நோயாளியைப் ‘பார்க்கிறார்’. வீட்டார் அவரைப் ‘பார்த்துக்கொள்கிறார்கள்’. முன்னது சில நிமிட வேலை, படித்தவர் செய்வது, ரசீது உண்டு. பின்னது இரவு பகல் வேலை, படிக்காமல் செய்வது, கணக்கில் வராதது. தென்சென்னைப் புறநகரில் முதியவர்கள் கடைசிக் காலத்தில் மருத்துவத்தையும் பராமரிப்பையும் பயன்படுத்தும் விதத்தைக் கவனித்தால் இந்த இரண்டு வினைகளும் எங்கேயும் சந்திப்பதில்லை என்பது தெரியும். பார்க்கிறவர் வீட்டுக்கு வருவதில்லை. பார்த்துக்கொள்பவருக்குப் பார்க்கத் தெரியாது. நமக்கு இல்லாதது மருத்துவமனையோ பாசமோ பணமோ மட்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒன்றும் ஆகாத நாளிலும் ஒழுங்காக வாசலுக்கு வந்து, படுத்திருப்பவரைப் பார்க்கவும் பார்த்துக்கொள்பவருக்குக் கற்றுக்கொடுக்கவும் தெரிந்த ஓர் ஆள் இல்லை என்பதே அடிப்படைக் குறை. மற்ற குறைகளில் பல இதிலிருந்தே கிளைக்கின்றன.

அந்த ஆள் இல்லாததால் என்ன நடக்கிறது? சேவைகள் துண்டுதுண்டாக, எப்போதும் அவசரத்தில், எப்போதும் தாமதமாகப் பயன்படுகின்றன. விழுந்தால், மூச்சு முட்டினால், நினைவு தப்பினால் 108. ஜிஎஸ்டி சாலையோரத்து ஏதாவதொரு மருத்துவமனையில் ஐசியூ. சில நாளில் ‘இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று மூக்கில் உணவுக்குழாயும் கீழே சிறுநீர்க்குழாயுமாக ஒருவர் வீடு திரும்புகிறார். குழாயை எப்போது மாற்றுவது, அது அடைத்துக்கொண்டால் என்ன செய்வது, எத்தனை மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைப்பது என்பவை டிஸ்சார்ஜ் தாளில் இருந்தாலும் கைகளுக்கு வந்துசேர்வதில்லை. ஏஜென்சி மூலம் ஓர் ஆயா வருகிறார். சொந்த ஊரில் தன் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவர், பெரும்பாலும் முறையான பயிற்சி எதுவும் பெறாதவர், பன்னிரண்டு மணி நேரமோ இருபத்துநான்கு மணி நேரமோ அந்த அறையிலேயே இருக்க வேண்டியவர். முதுகில் சிவந்த இடம் புண்ணாகிறது, புண் ஆழமாகிறது, காய்ச்சல் வருகிறது, மறுபடியும் 108. இந்தச் சுற்றில் எந்த இடத்திலும் யாரும் கொடுமை செய்வதில்லை. எந்த இடத்திலும் யாரும் முடிவெடுப்பதும் இல்லை. பணம் போகும் வாய்க்காலும் இதற்குத் தகுந்தாற்போலத்தான் வெட்டப்பட்டிருக்கிறது. 2009இல் தொடங்கிய மாநிலக் காப்பீட்டுத் திட்டமும், 2024 அக்டோபரில் எழுபது வயதைக் கடந்த எல்லோருக்கும் விரிக்கப்பட்ட ஒன்றிய அரசின் 5 லட்ச ரூபாய்க் காப்பீடும் படுக்கையில் சேர்ந்தால் பணம் தருபவை. வாசலுக்கு வரும் செவிலியருக்கு அவற்றில் இடமில்லை. ஆனால் உயிர் போன மறு மணி நேரத்தைப் பாருங்கள்: ஒரே ஒரு போன். ஃப்ரீசர் பாக்ஸ், சாமியானா, நாற்காலி, மாலை, வண்டி எல்லாம் வந்து இறங்கிவிடும். இறந்தவருக்காக இவ்வளவு கச்சிதமாக ஒருங்கிணைக்கத் தெரிந்த ஊரில், இறந்துகொண்டிருப்பவருக்காக மூன்று பேரை ஒருங்கிணைக்க ஆளில்லை.

வீட்டிலேயே வைத்து நல்லபடியாகப் பராமரிக்க முடியும் என்பதற்கு உலகுக்கே சான்று கொடுத்த ஊர் சென்னைதான். 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து நடத்திய முயற்சி அது. அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது: ஒரே மாத்திரையைச் சிலருக்குச் சானடோரியத்தில் வைத்தும் சிலருக்குக் குடிசையிலும் ஒண்டுக்குடித்தனத்திலும் கொடுத்தால் என்ன ஆகும்? நிலையத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும். வீட்டில் நெரிசலும் அரைவயிறும். 1959இல் வெளியான முடிவு மருத்துவ உலகத்தை உலுக்கியது. இரு தரப்பும் ஏறத்தாழ ஒரேபோலக் குணமடைந்தன. வீட்டில் உடனிருந்தவர்களுக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. சானடோரியங்களின் காலம் உலகெங்கும் முடிந்ததற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம். ஆனால் இந்த முடிவை எடுத்துச் சொல்பவர்கள் அதன் பாதியை விட்டுவிடுகிறார்கள். அங்கே வெற்றிபெற்றது வெறும் வீடு அல்ல. சுகாதாரப் பார்வையாளர்கள் அந்த வீடுகளுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள், வராதவர்களைத் தேடிப் பிடித்தார்கள், குடும்பத்தாரிடம் பேசினார்கள். சுவர்களைக் கழித்துவிட்டு, கவனிப்பை மட்டும் நடந்துபோகவைத்தார்கள். இன்று ‘வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லும்போது நாம் சுவர்களோடு சேர்த்துக் கவனிப்பையும் கழித்துவிடுகிறோம். அது சேத்துப்பட்டின் பாடம் ஆகாது.

அந்தப் பாடத்தை முதுமைக்கும் தீராநோய்க்கும் பொருத்திக் காட்டியது கேரளம். 1993இல் கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியை ஒட்டித் தொடங்கிய சிறு முயற்சி, அக்கம்பக்கத்து மனிதர்கள் தாங்களே பொறுப்பேற்கும் வலைப்பின்னலாக வளர்ந்து, 2008இல் மாநிலத்தின் கொள்கையானது. பஞ்சாயத்துச் செவிலியர் வீடுவீடாகப் போகும் ஏற்பாடு அதிலிருந்து வந்தது. ஆனால் நாட்டை முழுதாக எடுத்துக்கொண்டால், இறப்பின் தரத்தை அளந்த எகனாமிஸ்ட் ஆய்வுப் பிரிவின் 2010ஆம் ஆண்டுப் பட்டியலில் 40 நாடுகளில் இந்தியாவுக்குக் கடைசி இடம். 2015இல் 80 நாடுகளில் 67ஆவது. தமிழ்நாடு கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதியோர் மருத்துவத்தை இந்தியாவில் தனித் துறையாக நிலைநாட்டியதில் டாக்டர் வ.செ. நடராசன் பணிபுரிந்த சென்னை அரசு பொது மருத்துவமனைக்கு முதன்மையான பங்குண்டு. 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது; இயன்முறைச் சிகிச்சையும் வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சையும் அதன் பட்டியலில் இருக்கின்றன; 2024இல் அதற்கு ஐ.நா. விருதும் கிடைத்தது. இத்திட்டத்தின் பெயரிலேயே சரியான எண்ணம் இருக்கிறது. ஆனால் மாத்திரை கொண்டுபோவது ஒரு வேலை, படுக்கையோரத்தில் அரைமணி நேரம் உட்காருவது வேறு வேலை. ஒரு வட்டாரத்துக்கு ஓர் ஆதரவுச் சிகிச்சைச் செவிலியர் என்ற கணக்கில் அந்த இரண்டாவது வேலை நடக்காது. தாம்பரம் போன்ற நெரிசலான மாநகராட்சியில் அவர் ஒரு வீட்டுக்குத் திரும்பி வருவதற்குள் அந்த வீட்டில் ஆள் இருப்பது உறுதியில்லை.

இதற்கு வரும் முதல் மறுப்பு, பெற்றவர்களைப் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் கடமை, அதில் நகராட்சிக்கும் செவிலியருக்கும் என்ன வேலை என்பது. 2007ஆம் ஆண்டுச் சட்டம்கூடப் பெற்றோர் பராமரிப்பைப் பிள்ளைகள்மேல்தான் சுமத்துகிறது. கடமையை நான் மறுக்கவில்லை. ஆனால் கடமை என்ற சொல் யாருடைய முதுகில் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். மகன் கடமையை ஏற்கிறார். மருமகளோ மகளோ அதைச் செய்கிறார். காலையில் மெப்ஸுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போகவேண்டிய அந்தப் பெண் டயப்பரை மாற்றிவிட்டுப் பேருந்தைப் பிடிக்கிறார், அல்லது வேலையை விடுகிறார். ஆகவே, ‘வீட்டுப் பராமரிப்பு’ என்று நான் வாதிடுவதும் அதே பெண்ணின் முதுகில்தானே ஏறும் என்ற கேள்விதான் எல்லா மறுப்புகளிலும் கனமானது. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, பாதிப் பதில் இருக்கிறது. அந்தச் சுமை இப்போதே அவர்மேல்தான் இருக்கிறது. வாராவாரம் வரும் செவிலியர் அதை எடுத்துவிடுவதில்லை, ஆனால் அதிலிருந்து தெரியாமையையும் குற்றவுணர்ச்சியையும் எடுத்துவிடுவார். புண் வராமல் இருக்க எப்படிப் புரட்டுவது என்று தெரிந்தால் புண்ணோடு போராடும் இரண்டு மாதம் மிச்சம். மிச்சப் பாதிக்கு வேறு ஏற்பாடு வேண்டும்: மாதத்தில் சில நாள் முதியவரைத் தங்கவைத்துக்கொண்டு, பார்த்துக்கொள்பவரைத் தூங்கவிடும் படுக்கைகள். அப்படிப்பட்ட படுக்கை புறநகரில் காணக்கிடைப்பதில்லை.

இரண்டாவது மறுப்பு பயத்திலிருந்து வருகிறது. ஆதரவுச் சிகிச்சை என்றாலே ‘கைவிட்டாச்சு’ என்று காதில் விழுகிறது. மார்ஃபின் என்றால் போதைப்பொருள் என்றும், கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்றும் நினைக்கிறோம். 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளில் வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலேயே ஆதரவுச் சிகிச்சையும் பெற்றவர்கள் மற்றவர்களைவிட நிம்மதியாக இருந்ததோடு, சராசரியாக இரண்டு மாதத்துக்கு மேல் கூடுதலாக வாழ்ந்தும் இருந்தார்கள். கடைசியில் தீவிரச் சிகிச்சைக்கு ஆளானதும் குறைவு. புற்றுநோய்க்கு மட்டுமே உரியது ஆதரவுச் சிகிச்சை என்பதும் தவறு. வயதுவந்தோரில் இது தேவைப்படுகிறவர்களில் இதய, ரத்தநாள நோயாளிகள் புற்றுநோயாளிகளைவிட அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மார்ஃபினைச் சுற்றியிருந்த பல்லடுக்கு உரிமச் சிக்கலைக் குறைக்க 2014இல் சட்டமே திருத்தப்பட்டது. சட்டம் இளகினாலும் பழக்கம் இளகவில்லை. வலியைத் தாங்குவது புண்ணியக் கணக்கில் சேரும் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமானது. தாங்குகிறவரைத் தவிர மற்றவர்களே அதை அதிகம் சொல்கிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது.

மூன்றாவது மறுப்பு நாகரிகம் பற்றியது. சாகப்போகிறவரிடம் சாவைப் பற்றிப் பேசுவது நம் வழக்கமில்லை, அவரிடம் போய் ‘ஐசியூ வேண்டுமா, வேண்டாமா’ என்று கேட்பது கொடூரம் என்கிறார்கள். நம் வழக்கத்தைச் சற்றுக் கூர்ந்து பார்க்கலாம். உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டிருந்தால் ‘என்ன ஆசை பாக்கியோ’ என்று ஊர் கேட்கிறது. சொந்த மண்ணைக் கரைத்த நீரையும் தங்கத்தை உரசிய நீரையும் வாயில் விடுகிறார்கள். பேரன் பேத்திகளைக் கூப்பிட்டுப் பால் ஊற்றச் சொல்கிறார்கள். ஆக, ‘உனக்கு என்ன வேண்டும்’ என்ற கேள்வி நம் பண்பாட்டிலேயே இருக்கிறது. பதில் சொல்ல வாய் இல்லாமல் போன பிறகு அதைக் கேட்கிறோம், அதுதான் கோளாறு. விருதுநகர்ப் பக்கத்துக் கிராமங்களில் படுக்கையில் விழுந்தவர்களுக்குத் தலைக்கு எண்ணெய் தேய்த்து, இளநீர் கொடுத்து முடித்துவைக்கும் ‘தலைக்கூத்தல்’ 2010இல் செய்தியானபோது நகரம் அதிர்ந்தது; 2018க்கான தேசிய விருதில் சிறந்த தமிழ்ப் படமான ‘பாரம்’ இதையே எடுத்துக்கொண்டது. அதிர வேண்டியதுதான். ஆனால் ஒருவரைக் கேட்காமல் முடித்துவைப்பதையும், ஒருவரைக் கேட்காமல் குழாய்களில் கட்டி நீட்டிப்பதையும் எதிரெதிர்க் கரைகள் என்று நினைத்துவிடக் கூடாது; இரண்டிலும் படுத்திருப்பவர் ஒரு பொருட்டில்லை. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் முன்கூட்டிய உயிர்விருப்ப ஆவணத்தை ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கி, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும் என்றது. வீட்டுப் பத்திரத்துக்கும் உயிலுக்கும் பதிவு அலுவலகப் படியேறும் நாம் இந்தத் தாளுக்கு மட்டும் தயங்குகிறோம். அந்தப் பேச்சைத் தொடங்கப் பிள்ளைகளுக்கு நா எழாது, ஐசியூ வாசலில் நிற்கும் டாக்டருக்கு நேரமிருக்காது. ஆறு மாதமாக வந்துபோய்ப் பழகிய ஒருவரிடம் அது தானாக வரும்; பெரும்பாலும் முதியவரே ஆரம்பிப்பார்.

கடைசி மறுப்பு: வீடு வேண்டாம், நல்ல இல்லங்களைக் கட்டிவிடலாமே. கட்ட வேண்டும்தான். 1978இல் பாலவாக்கத்தில் சாவித்திரி வைத்தி தொடங்கிய விச்ராந்தி, ஆதரவற்ற மூதாட்டிகளுக்கானது. யாருமில்லாதவர்களுக்கு வீடும் வாதமும் பயன்படாது. 2024இல் கிண்டியில் திறக்கப்பட்ட 200 படுக்கைத் தேசிய முதியோர் மருத்துவ மையமும் தேவையானதே. ஆனால் கட்டண இல்லங்கள் பலவற்றில், நடமாடும் வரைக்கும்தான் இடம். படுத்துவிட்டால் ‘அழைத்துப்போங்கள்’ என்பதே விதி. படுத்துவிட்டவர்களை ஏற்ற இடங்களிலும் வெளியிலிருந்து யாரும் போய்ப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 2018 பிப்ரவரியில் பார்த்தோம். உத்திரமேரூர் அருகே பாலேஸ்வரத்தில் இருந்த ஓர் இறுதிக்கால இல்லத்தின் வண்டியில் ஓர் உடலும் உயிரோடிருந்த முதியவர்களும் சேர்த்து ஏற்றிச் செல்லப்பட்டது தெரியவந்தது. பயங்கரமான வதந்திகள் பரவின, நிர்வாகம் குற்றச்சாட்டுகளை மறுத்தது, அதிகாரிகள் சோதனையிட்டு அங்கிருந்தவர்களை வேறு இல்லங்களுக்கு மாற்றினார்கள். அவ்வளவு காலம் அங்கே ஒழுங்காகப் போய்வந்த ஒரு பொதுச் செவிலியர் இருந்திருந்தால் வதந்திக்கு இடமிருந்திருக்காது, தவறு இருந்திருந்தால் அதுவும் மறைந்திருக்காது. ஆகவே வீடா இல்லமா என்பது இரண்டாவது கேள்விதான். வெளியிலிருந்து ஒரு கண் உள்ளே வருகிறதா என்பதே முதல் கேள்வி.

2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சிக்கு 70 வார்டுகள். வார்டுக்கு ஒரு செவிலியர் என்றால் 70 பேர். அவர்களுக்குப் பின்னால் சில மருத்துவர்களும், அதே சானடோரியம் வளாகத்தில் ஓய்வுப் படுக்கைகள் கொஞ்சமும். கனவுத் திட்டம் என்று சிரிப்பதற்கு முன், இதே மாநகராட்சியிலிருந்து குப்பை வாங்கவும் கொசுப்புழு பார்க்கவும் ஆட்கள் வாசல்வாசலாக வருவதை நினைத்துக்கொள்ளலாம். வாசலுக்கு வருவது எப்படி என்பது அதற்குத் தெரியாததில்லை. அந்தச் செவிலியர் செய்யக்கூடிய மிகச் சாதாரணமான வேலை ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். வீட்டில் இயற்கையாக இறந்தவருக்கும் இறப்புக் காரணச் சான்று தர மருத்துவர் வேண்டும். மருத்துவமனைக்கு வெளியே நேரும் இறப்புகளுக்கென்றே 4ஏ என்று ஒரு படிவம் இருக்கிறது. கடைசி நாட்களில் பார்த்த மருத்துவர் ஒருவரும் இல்லாத குடும்பம், சான்றுக்கு யாரிடம் போய் நிற்பது, போலீஸ், பிரேதப் பரிசோதனை என்றாகிவிடுமோ என்று மிரண்டு, மூச்சு அடங்கப்போகிறவரை நாற்காலியில் கட்டி மூன்று மாடி இறக்கி ஆம்புலன்ஸில் ஏற்றுகிறது. அந்தப் படிகளில் நடப்பதை மருத்துவம் என்று சொல்ல முடியாது, பாசக்குறைவு என்றும் சொல்ல முடியாது. கையெழுத்துப் போட ஆளில்லாத பயம் அது. வாராவாரம் வந்துபோன செவிலியரும், அவரை அனுப்பிய மருத்துவரும் இருந்தால் அந்தக் கையெழுத்துக்கு ஆள் இருக்கும். அப்போது அந்த நாற்காலியை மாடியிலிருந்து இறக்க வேண்டியிராது. படுக்கையருகே இழுத்துப் போட்டு யாராவது உட்கார்ந்துகொள்ளலாம்.